தினம் கால் மணி நேரமா, ஞாயிறு முழுக்கவா, ஆள் வைப்பதா? காற்று வீசும் நெல்லை வீட்டைச் சுத்தமாக வைக்க எது தோது

போன வருஷம் வைகாசியில் அத்தைக்கு முழங்கால் மூட்டு மாற்றி வைத்தார்கள். இனி சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, குத்தவைத்துத் தரை துடைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் தூத்துப் பெருக்குவதும் துடைப்பதும் பெரும்பாலும் அத்தை கையில்தான் இருந்தன. விடியக்காலையில் வாசல் தெளிப்பதில் தொடங்கி ராத்திரி பாத்திரம் துலக்கும் அங்கணத்தைக் கழுவி விடுவது வரை அவர் எவ்வளவு செய்திருக்கிறார் என்பது, அவர் கட்டிலில் படுத்திருந்த ஆறு வாரத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. நானும் வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரரும் போகிறார். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. யார் செய்வது, எப்படிச் செய்வது என்று முடிவு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆனியிலிருந்து கார்த்திகை வரை ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம். அதே இடத்தில் நிற்கிற குடும்பங்கள் நிறைய இருக்கும் என்பதால், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் ராஜகோபாலசாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பழைய வீடு. முன்னால் தார்சா என்கிற தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், இரண்டு அறை, அடுக்களை, அங்கணம், புறவாசல், மேலே தட்டட்டி என்கிற மொட்டை மாடி. பட்டாசலில் சிவப்புக் காவித்தரை, பிற்பாடு எடுத்துக் கட்டிய அறைகளில் டைல்ஸ். பெரிய வீடு இல்லை. ஆனால் ஆனி பிறந்தால் காற்றும் பிறந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலைக் கொடுத்துவிட்டு, நம் பக்கம் வரும்போது ஈரம் போன வெறும் காற்றாக வருகிறது. நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆக, ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் காய்ந்த மண்ணை வாரி வந்து வீட்டுக்குள் கொட்டும். வேறு ஊரில் இருக்கும் தோழிகள் வாரம் ஒரு தடவை துடைத்தால் போதுமே என்பார்கள்; அது அவர்கள் வீட்டுக்குச் சரி. இங்கே நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ஓடுகிற சமயத்தில், காலையில் துடைத்த சன்னல் விளிம்பில் சாயங்காலம் மண் படிந்திருக்கும்.

இன்னொன்றும் முன்னாலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ஒப்பீடும் இதில்தான் நிற்கிறது. ஒதுங்க வைப்பது ஒரு வேலை, சுத்தம் செய்வது வேறொரு வேலை. நாற்காலியில் குவிந்த துணியை மடித்து வைப்பது, மேசையில் கிடக்கும் பில், மருந்துச் சீட்டு, சார்ஜர் வயர் ஆகியவற்றை அதனதன் இடத்தில் சேர்ப்பது ஒதுங்க வைப்பது. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கறையை எடுப்பது சுத்தம். இரண்டாவது வேலைக்கு ஆள் கிடைக்கும், இயந்திரம் கிடைக்கும். முதல் வேலையை அந்த வீட்டு ஆட்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது, ஏனென்றால் எந்தத் தாள் வேண்டும், எது வேண்டாம் என்று வெளியாளுக்குத் தெரியாது. இந்தப் பிரிவு புரிவதற்குள் எங்களுக்கு இரண்டு மாதமும் கொஞ்சம் பணமும் போய்விட்டன.

நாங்கள் முதலில் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை வழி. வாரம் முழுக்க அப்படியே விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் முடிய ஒன்றரை ஆகும். அதாவது இரண்டு பெரியவர்களுக்கு ஆளுக்கு நாலரை மணி நேரம். முடிந்தபின் வீட்டைப் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் பழையபடி ஆகிவிடும். புதனிலிருந்து சனி வரை நாலு நாளும் தூசியோடுதான் இருந்தோம். அத்தைக்கு இருமல் வந்தது. பிசுக்கும் நாள்பட்டால் இறுகிவிடுகிறது. அன்றன்றைக்கு ஈரத்துணியால் ஓர் இழு இழுத்தால் போகிற அடுப்பு மேடையை ஏழு நாள் கழித்துச் சுரண்ட வேண்டியிருந்தது. மாற்றலாகி வந்து தனியாக ஒரே அறையில் இருப்பவர்களுக்கு, மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிறவர்களுக்கு, இந்த வழி போதும். அடுக்களை தினமும் எரிகிற வீட்டுக்கு, அதிலும் வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு, நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஆள் வைப்பது. தெருவில் இரண்டு வீட்டுக்கு வேலை செய்யும் அக்கா ஒருவர் காலையில் முக்கால் மணி நேரம் வந்து பெருக்கித் துடைத்தார். அவர் கை வேலை சுத்தம், மூலையைக்கூட விடமாட்டார். ஆனால் அவர் வரும்போது தரையில் புத்தகப் பையும் பத்தமடைக் கோரைப் பாயும் விரித்த துணியும் கிடக்கும். பாதி நேரம் அவற்றைத் தூக்கி ஓரமாக வைப்பதிலேயே அவருக்குப் போய்விடும். அவர் நல்லெண்ணத்தோடு ஒரே அடுக்காக அடுக்கி வைத்துவிட்டுப் போன தாள்களில் மகளின் பள்ளிப் படிவத்தை நாங்கள் இரண்டு நாள் தேடினோம். தப்பு அவருடையது இல்லை. முந்தின ராத்திரியே நாங்கள் ஒதுங்க வைத்திருக்க வேண்டும்.

ஆள் வைப்பது என்று முடிவெடுத்தால் வேறு சிலவற்றையும் சேர்த்து முடிவெடுங்கள் என்பது என் வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. குத்தவைத்துத் துடைக்கச் சொல்லாமல் கம்பு வைத்த மாப்பு. அத்தையின் முழங்கால் எப்படித் தேய்ந்தது என்று பார்த்த பிறகு இன்னொரு பெண்ணை அப்படி உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்புறம், வீட்டு வேலை செய்பவர்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. அதில் உறுப்பினராகப் பதிய நாம் கூட இருந்து உதவலாம். எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

ஆளுக்குப் பதில், மொத்த வீட்டையும் ஒரே நாளில் கழுவிக் கொடுக்கிற நிறுவனங்களும் இப்போது இருக்கின்றன. ஒரு தடவை கூப்பிட்டோம். குளியலறையும் சன்னல் கம்பிகளும் நன்றாக வந்தன. பட்டாசலில்தான் சங்கடம். கறை போக வேண்டும் என்று கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் கலவையைக் காவித்தரையிலும் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். சிமெண்டில் நிறம் கலந்து மெழுகிய தரையை அமிலம் அரித்துவிடும். பளிங்குச் சில்லு பதித்த மொசைக் தரைக்கும் அதே கதிதான். அறுபது வருஷம் பாதம் பட்டுப் பட்டு மின்னிய தரை திட்டுத் திட்டாக வெளுத்ததைப் பார்த்து அத்தை ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். துணியில் கொஞ்சமாகத் தேங்காய் எண்ணெய் தொட்டு வாரம் இரண்டு முறை தேய்த்து வருகிறோம். ஓரளவுக்கு நிறம் திரும்பியிருக்கிறது. பழைய வீடாக இருந்தால், வேலை தொடங்கும் முன் எந்தத் தரையில் எதை ஊற்றக் கூடாது என்பதை வாயால் சொல்லாமல் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

தானாக ஓடும் ரோபோ இயந்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி பெருமாள்புரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறான். அவன் வீட்டில் நன்றாக ஓடுகிறது. ஒரே மட்டமான தரை, நிலைப்படி கிடையாது. எங்கள் வீட்டில் பட்டாசலிலிருந்து அறைக்குப் போக நிலைப்படி தாண்ட வேண்டும், அடுக்களை அரை அடி பள்ளம். இரண்டு சென்டிமீட்டர் மேட்டையே தடுமாறி ஏறுகிற இயந்திரத்துக்கு அது நடக்காது. அதைவிட முக்கியம், தரையில் வயரோ சாக்ஸோ கிடந்தால் அது சிக்கிக்கொண்டு நின்றுவிடும். இங்கேயும் முதலில் ஒதுங்க வைக்க வேண்டியிருக்கிறது. வாங்குவதற்கு முன் நிலைப்படியை அளந்து பாருங்கள், அதுவே பதில் சொல்லிவிடும்.

நாளுக்கு ஓர் அறை என்பது நாலாவது வழி. திங்கள் அடுக்களை, செவ்வாய் பட்டாசல் என்று அட்டவணை போட்டு ஒட்டினோம். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு, ஒவ்வொரு அறையும் ஆழமாகச் சுத்தமாகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் தவறினால் அந்த அறை ஒரு வாரம் தள்ளிப் போகிறது. மகள் பரீட்சை வாரத்தில் அடுக்களையும் தார்சாவும் தவறின, அதோடு அட்டவணை சுவரில் மட்டும் இருந்தது.

கடைசியில் நின்றது கால் மணி நேர வழி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ராத்திரி எட்டே காலுக்கு அலாரம் அடிக்கும். இருக்கிற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கால் மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அலாரம் மறுபடி அடித்ததும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும், பாதி முடிந்திருந்தாலும் சரி. நிறுத்தச் சொல்வதுதான் பிள்ளைகளை இதில் பிடித்து வைத்தது. முடிவே இல்லாத வேலை என்று நினைத்தால் யாருக்கும் எழுந்திருக்க மனசு வராது. எப்போது முடியும் என்று தெரிந்தால் மகன்கூட அலாரத்துக்கு முன்னாலேயே நிற்கிறான்.

இடத்துக்கு ஓர் ஆள். தார்சாவும் செருப்பும் மகனுக்கு, பட்டாசல் மகளுக்கு, அடுக்களை மேடையும் அங்கணமும் எனக்கு, இரண்டு அறையும் வீட்டுக்காரருக்கு. அத்தைக்கு உயரமான நாற்காலி போட்டு, கொடியிலிருந்து எடுத்த துணியை மடிக்கும் வேலை. அதை நாங்கள் கொடுக்கவில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். “சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கச் சொன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்மா” என்றார். ஆளாளுக்கு ஓர் ஓலைப்பெட்டி உண்டு. தன் இடத்தில் கிடக்கும் வேறு அறைச் சாமானையெல்லாம் முதலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தால் கால் மணியும் நடையிலேயே போய்விடும். கடைசி மூன்று நிமிஷத்தில் ஐந்து பெட்டியையும் பட்டாசலில் வைத்து அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொள்வோம். யாரும் எடுக்காத சாமான் மூன்று நாள் பெட்டியிலேயே கிடந்தால், அது நமக்குத் தேவையில்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் அப்படித்தான் எண்பதுக்கு மேல் வெளியே வந்தன. இருபதை வைத்துக்கொண்டு மீதியைத் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்தோம், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

ஒதுங்க வைத்து முடித்தபின் நேரம் மிஞ்சினால்தான் துடைப்பது. முதல் இரண்டு வாரம் மிஞ்சவே இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏழெட்டு நிமிஷம் மிஞ்ச ஆரம்பித்தது, ஏனென்றால் ஒதுக்குவதற்குப் புதிதாகச் சேர்ந்தது மட்டும்தான் இருந்தது. வாரம் ஆறு நாள் கால் மணி என்றால் எனக்கு ஒன்றரை மணி நேரம். ஞாயிறு அன்று முக்கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து தரையை நன்றாகத் துடைக்கிறோம். மொத்தம் இரண்டே கால் மணி நேரம். முன்பு நாலரை. நேரம் குறைந்தது ஒரு பக்கம், எந்த நாளில் விருந்தாள் வந்தாலும் பதறாமல் கதவைத் திறக்க முடிவது இன்னொரு பக்கம்.

குறையும் உண்டு. பரண், பீரோவுக்கு மேல், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள் ஆகியவை கால் மணியில் தொட முடியாதவை. அதற்கு வருஷத்தில் இரண்டு நாள் தனியாகத்தான் ஒதுக்க வேண்டும். அப்புறம், ஒரே ஒருவர் மட்டும் செய்தால் இந்த வழி நிற்காது. அது பழையபடி ஒரு பெண்ணின் தலையில் விழுந்த இன்னொரு வேலையாகிவிடும். வீட்டில் மற்றவர்கள் எழுந்து வர மாட்டார்கள் என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், முடிந்தால் ஆள் வையுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் காற்றுக்காலத்தில் கை மாற்றிச் செய்ய வேண்டியவை சில. பூந்துடைப்பத்தால் சன்னலையும் அலமாரியையும் தட்டக் கூடாது. தட்டிய மண் காற்றில் எழும்பி, கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் வந்து உட்காரும், மூக்குக்கும் போகும். ஈரத்தைப் பிழிந்தெடுத்த துணியால் ஒரே திசையில் இழுத்தால் மண் துணியோடு வந்துவிடும். மேலிருந்து கீழே வர வேண்டும்: முதலில் ஒட்டடை, பிறகு மின்விசிறி, அப்புறம் சன்னல், கடைசியில் தரை. மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி வெளியே இழுத்தால் தூசி முழுவதும் உறைக்குள்ளேயே விழும், கட்டில் மேல் கொட்டாது. இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மேற்குப் பக்க சன்னலைப் பதினோரு மணிக்கு மேல் சாத்தி வைத்துவிட்டு, காற்று தணிந்த விடியக்காலையில் திறக்கிறோம். தார்சாவில் கயிற்று மிதியடி ஒன்று, உள்ளே துணி மிதியடி ஒன்று. காலோடு வரும் மண்ணில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. பத்தமடைப் பாயைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். தட்டி உதறி, லேசான ஈரத்துணியால் துடைத்து, நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் கோரை பூசணம் பிடித்துக் கறுத்துவிடும்.

தண்ணீரும் ஊருக்கு ஊர் வேறு. தாமிரபரணித் தண்ணீர் வரும் எங்கள் வீட்டில் குழாயில் வெள்ளை படிவது குறைவு. திசையன்விளையில் இருக்கும் அம்மா வீட்டில் போர் தண்ணீர். பக்கெட், குழாய், ஓடு எல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். அதைத் தேய்த்துக் கை நோகத் தேவையில்லை. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் இளகிவிடும். ஆனால் அதையே மொசைக்கிலும் காவித்தரையிலும் படவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது ஆளையே விழத்தட்டும். ஒன்றை ஊற்றினால் அதை முழுவதும் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு, வேறொரு நாளில்தான் மற்றது. சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரைக்க விடுவது ஆபத்தில்லை, ஆனால் பெரிய பலனும் இல்லை. ஒன்றை ஒன்று முறித்து மிச்சம் பெரும்பாலும் ஒரு வகை உப்பு கரைந்த தண்ணீர்தான்.

குப்பையைக் கால் மணிக்குள் அடக்க வேண்டுமென்றால், சேரும்போதே பிரித்துவிடுவது நல்லது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்குவது, மக்காதது, நாப்கின், பேட்டரி, பெயிண்ட் டப்பா போன்றவை என்று வீட்டிலேயே தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கின்றன. புறவாசலில் தனித்தனி வாளி வைத்துவிட்டால் காலையில் வண்டி வரும்போது கிளறிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கால் மணி வழி உதவாத ஒரு நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம் வந்து ஆற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றை ஒட்டியிருக்கும் சித்தி வீட்டில் வெள்ளம் வடிந்த பிறகு கணுக்கால் அளவு சேறு. அங்கே அட்டவணையும் இல்லை, அலாரமும் இல்லை. சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் போய், சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியாலும் பலகையாலும் வெளியே தள்ளினோம். காய விட்டிருந்தால் அது தரையில் இறுகி, பிறகு மாசக்கணக்கில் தூசியாகப் பறந்திருக்கும். முதலில் மின் இணைப்பைத் துண்டித்தோம், கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டோம், கழுவி முடித்துத்தான் பிளீச்சிங் பவுடர் தெளித்தோம். சேற்றின் மேலேயே தெளித்தால் அது அழுக்கிலேயே வீணாகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் கால் மணியும், காற்று அடிக்கிற மூன்று மாதத்துக்கு மட்டும் அந்த அக்காவும் என்று வைத்திருக்கிறோம். அவர் வரும்போது தரை காலியாக இருக்கிறது. முக்கால் மணி வேலை அரை மணியில் முடிகிறது, சம்பளத்தைக் குறைக்கவில்லை. மிச்ச நேரத்தில் தார்சாவில் உட்கார்ந்து அத்தையோடு ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறார்.

பரண் மட்டும் பாக்கி இருக்கிறது. அதில் இருப்பவை அத்தை கல்யாணத்துக்கு அவர் அம்மா கொடுத்துவிட்ட பித்தளைப் பானைகளும் ஒரு வெண்கல உருளியும். மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் இறக்கித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். எது இருக்க வேண்டும், எது யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர் நாற்காலியில் இருந்தபடியே சொல்லட்டும். புளி போட்டுத் துலக்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.